பிரசவத்துக்கு ஏன் வரலன்னா

கோலா சாவா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷாமினிக்கு,

உன்னையும் மாப்பிள்ளையையும் உன் வயித்துல இருக்கிற பிள்ளையையும் நம்ம தோட்டத்து மாரியம்மா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கணும்னு கேட்டுக்கிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். நாங்க இங்க சுகம்னு எழுதத்தான் கை தானா போகுது, அப்படியே எழுதிப் பழகின கை, ஆனா இன்னைக்கு அதை எழுதல. தெனமும் போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசுறோம், அம்மா எதுக்கு இப்போ காகிதத்துல எழுதுதுன்னு நீ நெனைப்ப. போன்ல பேசும்போது அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கார், தோட்டத்துல குடுத்த இந்த லயத்து வீட்டுல எந்த மூலையில நின்னு பேசினாலும் எல்லா மூலைக்கும் கேக்கும், அதுவும் இல்லாம உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது, சிரிச்சுட்டு வச்சிடறேன். இதைத் தம்பிகிட்ட குடுத்து கொரியர்ல போடச் சொல்லியிருக்கேன். கையில கெடச்சதும் நின்னுக்கிட்டே படிக்காத. சாப்பிட்டுட்டு, மாப்பிள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டு, உக்காந்து படி. முதல்லயே சொல்லிடறேன், சுத்தி வளைச்சா நீ பதறிப் போயிடுவ. நான் உன் பிரசவத்துக்கு வரலம்மா. நீ அனுப்பின டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிடு. மனசு இல்லாம இல்ல, உடம்புக்கு முடியாம இல்ல. அப்பாவ விட்டுட்டு என்னால வர முடியாது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன்.

போன தீபாவளிக்கு முன்னாடி அப்பாவோட இடது கால முட்டிக்குக் கீழ எடுத்தது உனக்குத் தெரியும், நீயும் ஓடி வந்து பாத்துட்டுப் போன. எண்ணெய்ச் செம்பனைக் காட்டுல லோரிய நிறுத்திட்டு எறங்கினப்ப முள்ளு குத்தினதுதான், சக்கரை ஏறின இனிப்புநீர் உடம்பு, ஆறல, விரல் கறுத்துச்சு, அப்புறம் பாதம், அப்புறம் காலு. நீ வந்தப்ப வார்டுல எப்படி இருந்தார், தாதிங்களக் கேலி பண்ணிக்கிட்டு, பக்கத்துக் கட்டில்ல இருந்த சீனக் கிழவருக்கு மலாய்ல கதை சொல்லிக்கிட்டு, காலுதான் போச்சு வாய் போகலன்னு சொல்லி உன்னையும் சிரிக்க வச்சு அனுப்பினார். அந்தச் சிரிப்பத்தான் நீ கையோட எடுத்துக்கிட்டுப் பிளேன் ஏறின. நானும் அதைத்தான் நம்பினேன். பட்ட கஷ்டம் ஆஸ்பத்திரியோட முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். உங்கப்பாவப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, தாடி முளைச்ச காலத்துல இருந்து செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டினவர், தோட்டத்துல கல்யாணம்னாலும் சாவுன்னாலும் அவர் லோரிதான் முன்னால நிக்கும், யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் தங்கராஜு அண்ணனக் கூப்பிடுன்னுதான் ஆளு ஓடி வரும். உன்னப் பெத்தப்பக்கூட என்னைய ரந்தாவ் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த லோரிலதான கொண்டு போனார். அந்த மனுசன் வீட்டுக்கு வந்து ஒரு நாற்காலியில உக்காந்தார் ஷாமினி. உக்காந்தவர்தான்.

முதல்ல ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க, ஹோர்லிக்ஸும் ஆரஞ்சும் மேசையில வைக்க இடம் இல்ல. அப்பா எல்லாருக்கும் நடந்ததச் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார், நல்லாத்தான் பேசினார். தைப்பூசம் முடிஞ்சதும் வர்றவங்க குறைஞ்சாங்க, அவங்கவங்களுக்கு வேலை இருக்கும்ல. அதுக்கப்புறம்தான் அவருக்குள்ள என்னமோ எறங்கிப் போச்சு. குளிக்கக் கூப்பிட்டா அப்புறம்னு சொல்லுவார், அந்த அப்புறம் வரவே வராது. சோறு வச்சா பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வச்சிடுவார். டிவி ஓடும், பாக்க மாட்டார். குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்ததுக்குத் தட்டச் சுவத்துல விட்டெறிஞ்சார், கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்மேல சத்தம் போடாத மனுசன். எறிஞ்சுட்டு அவரே கீழ எறங்கி உக்காந்து, தரையில தேய்ச்சுக்கிட்டே போய்ச் சோத்தப் பொறுக்கினார், நான் பொறுக்கறேங்கன்னு போனா கையத் தட்டி விட்டார். குளியல் அறையில பைப்பத் தொறந்து விட்டுட்டு உள்ள அழுவார். தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனைப்பு. எனக்குக் கேக்கும். நான் வெளிய நின்னு துணிய மடிச்சுக்கிட்டே இருப்பேன், மடிச்சதையே உதறித் திரும்ப மடிப்பேன்.

லோரிய இப்போ ரஃபிக்னு ஒரு வங்காளதேசத்துக்காரர் ஓட்டுறார். நல்ல மனுசன், ஊர்ல பொண்டாட்டி பிள்ளைங்கள விட்டுட்டு வந்தவர், அப்பாவ அண்ணே அண்ணேன்னு தமிழ்லதான் கூப்பிடுவார். சாவியக் கையில வாங்கின அன்னைக்கே ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கிட்டு வந்து கால் பக்கத்துல உக்காந்தார், அப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். குலை ஏத்திக்கிட்டு லோரி நம்ம வீட்டு முன்னால போற நேரம் வந்தா அப்பா எட்டி ஜன்னல சாத்திடுவார், வெயில் கொளுத்துற மத்தியானத்துலயும் சாத்திடுவார், சாத்திட்டு கியர் மாத்துற சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருப்பார். ஒருநாள் அவரே வாய் விட்டுச் சொன்னார், வேற எது போயிருந்தாலும் பரவாயில்ல மயிலு, போனது கிளட்ச் மிதிக்கிற காலுன்னு. ஆஸ்பத்திரில அளவெடுத்து ஒரு கால் செஞ்சு குடுத்தாங்க. ஒரு தடவ மாட்டினார், அறுத்த இடம் வலிச்சுது, கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டார், நான் கூட்டும்போது வெளக்கமாறு அதுல இடிக்கும், எனக்குத் தூக்கிவாரிப் போடும். தோட்டத்துல ஆளுங்கள வேலைக்குப் பிரிச்சு விட்டுக்கிட்டிருந்த முனியாண்டி மண்டோர் சாயங்காலம் தவறாம வந்து சீட்டு ஆடுவார் பாரு, அவர்கிட்ட ஒருநாள், இன்னொரு கால் இருக்கா போச்சான்னு எண்ணிப் பாக்க வந்தியான்னு கேட்டுட்டார். முனியாண்டி அண்ணன் சீட்டுக்கட்ட அப்படியே வச்சிட்டு எழுந்து போனவர்தான். மறுநாள் பள்ளிக்கூடத்துக் கேன்டீனுக்கு வந்து கோப்பி கேட்டார், கலக்கிக் குடுத்தேன், குடிக்காம கையில வச்சுக்கிட்டு நின்னு அழுதார். பிள்ளைங்க எல்லாம் பாக்குதுங்க.

தெமியாங்ல இருந்து உன் அத்தை வள்ளிநாயகி வந்தாங்க. யாரோ செஞ்சு வச்சிட்டாங்கன்னு சொல்லி ஒரு சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவர் கயிறு கட்டி விபூதி போட்டு அனுப்பினார். அத்தைமேல எனக்குக் கோபம் இல்ல, கூடப் பொறந்தவன் இப்படிக் கிடக்கறதப் பாத்து அவங்களும் என்னமோ செய்யணும்னு செஞ்சாங்க. கயிறு கையில இருந்துச்சு, ஆளு அப்படியேதான் இருந்தார். அப்புறம் உன் தம்பி தர்மேந்திரன். ஜோகூர்ல இருந்து சனிக்கிழமையானா வந்துடுவான், வரும்போதே கையில எதாவது, கைத்தாங்கி, சக்கர நாற்காலி, உடற்பயிற்சி செய்யற ரப்பர்னு. அப்பா எதையும் தொடல. ஒருநாள் அவனுக்குப் பொறுக்கல, ரெண்டு காலும் இல்லாதவன்லாம் வேலைக்குப் போறான்ப்பா, நீங்க ஒத்தக் கால வச்சுக்கிட்டு அம்மாவ இந்தப் பாடு படுத்துறீங்களேன்னு கத்திட்டான். அவன் சாப்பிடாம வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பிள்ளை சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல, அப்போ எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். சோம்பேறித்தனம்னு அவன் நெனச்சான், பிடிவாதம்னு நான் நெனச்சேன், செய்வினைன்னு அத்தை நெனச்சாங்க. நோவுன்னு ஒருத்தரும் நெனைக்கல.

இனி எழுதப் போறதத்தான் எப்படி எழுதறதுன்னு தெரியல. வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட சொல்லலாமான்னு ரொம்ப யோசிச்சேன். சொல்லாம விட்டா அம்மா நம்மள விட்டுடுச்சுன்னு நீ காலம் பூரா நெனைப்ப, அதான் எழுதறேன். முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க, அப்பா இருக்கார், இத எழுதற நேரத்துல முன் வாசல்ல முனியாண்டி அண்ணனோட உக்காந்திருக்கார். போன பள்ளி விடுமுறைக்கு முன்னாடி ஒருநாள் பள்ளிக்கூடத்துல தண்ணி வரல, பிள்ளைங்கள சீக்கிரம் அனுப்பிட்டாங்க, நானும் கேன்டீன சாத்திட்டு வந்துட்டேன். வீடு தொறந்து கிடக்கு, நாற்காலி காலியா இருக்கு. எதுத்த வீட்டு ரோகினி, அண்ணன் ரெண்டு கக்கத்துக் கட்டையும் ஊனிக்கிட்டு பழைய ரப்பர் பால் ஸ்டோர் பக்கம் போனாருக்கா, நடந்து பழகுறார் போலன்னு எனக்கே சந்தோசமா இருந்துச்சுன்னு சொல்லுது. பால் ஸ்டோருக்குப் பின்னால என்ன இருக்கு, குளம்தான் இருக்கு. நான் எப்படி ஓடினேன்னு எனக்குத் தெரியாது, ஒரு சிலிப்பர் எங்கேயோ போச்சு. குளத்து மேட்டுல சேத்துல உக்காந்திருந்தார். கைலி பூரா சேறு, முழங்கை சிராய்ச்சு ரத்தம், ஒரு கட்டை பக்கத்துல கிடக்கு, இன்னொண்ணு தண்ணியில மிதக்குது. என்னப் பாத்தார். எறங்க முடியல மயிலு, சறுக்கிச் சறுக்கி விட்டுடுது, சாகறதுக்குக்கூட ரெண்டு கால் வேணும் போலன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார், அந்தச் சிரிப்பு பாதியில அழுகையா மாறிடுச்சு. நானும் அந்தச் சேத்துலயே உக்காந்தேன். அவர் சட்டைய முதுகுப் பக்கமாக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டேன், பிடிச்ச கைய விடல. என்னால அவரத் தூக்க முடியாது, விட்டுட்டு ஆளக் கூப்பிடவும் போக முடியாது, அப்படியே உக்காந்திருந்தோம்.

ரஃபிக் லோரிதான் வந்துச்சு. மேட்டு ரோட்டுல இருந்து எங்களப் பாத்துட்டு நிறுத்தி ஓடி வந்தார். அப்பாவக் குழந்தையத் தூக்கற மாதிரி தூக்கினார், அவ்வளவு மெலிஞ்சு போயிட்டாரு உங்கப்பா. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சு என்னையும் ஏத்திக்கிட்டு மெதுவா ஓட்டினார். அந்த லோரியில அப்பா அந்தப் பக்கம் உக்காந்து நான் பாத்ததே இல்ல. வளைவு வரும்போதெல்லாம் அவரோட வலது கால் தரையப் போட்டு அமுக்குச்சு, பிரேக் அமுக்குற மாதிரி. வீட்டுல எறக்கி விட்டுட்டு ரஃபிக், அண்ணே கீழ விழுந்துட்டார்னு சொல்லிடட்டா அக்கான்னு மெதுவாக் கேட்டார். அப்படியே தோட்டத்துல சொல்லி வச்சார், இன்னைக்கு வரைக்கும் வேற ஒருத்தருக்கும் சொல்லல. அந்த மனுசன் கெடச்சது நாம எந்தப் பிறவியிலயோ செஞ்ச புண்ணியம்.

மறுநாள் முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு நானே போனேன். ஒளிச்சு மறைக்காம சொன்னேன். அவர் கார் சாவிய எடுத்துக்கிட்டு முன்னால நடந்தார். கிளினிக்ல இருந்தது டாக்டர் நிலானின்னு ஒரு சிலோன்காரப் பிள்ளை, சிரம்பான்தானாம், உன் வயசுதான் இருக்கும். அந்தப் பிள்ளை நேரா அப்பா மூஞ்சியப் பாத்து, செத்துப் போகணும்னு தோணுதா அங்குள், இப்பவும் தோணுதான்னு கேட்டுச்சு. இப்படியா ஒரு மனுசனப் பாத்துக் கேக்கறதுன்னு நெனச்சேன். ஆனா அப்பா ஷாமினி, அத்தனை நாளா வாய் தொறக்காத மனுசன், ஆமா தோணுதுன்னு சொல்லிட்டு, மூச்ச விட்டார் பாரு, அப்படி ஒரு மூச்சு. அப்புறம் பேசினார், நெறையப் பேசினார். தோட்டத்துல தனக்கு இனி பேரே இல்லன்னார். வண்டி ஓட்டத் தெரிஞ்ச உடம்ப வச்சுக்கிட்டு வண்டி ஓட்ட முடியாம உக்காந்திருக்கறது உயிரோட புதைச்ச மாதிரி இருக்குன்னார். வருசக் கடைசியில லயத்து வீட்டையும் திருப்பிக் குடுக்கணுமே, வேலைக்காரனுக்குத்தான வீடு, இவள எங்க கொண்டு போய் வைப்பேன்னார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம இத்தனையையும் உள்ள வச்சிருந்திருக்கார்.

டாக்டர் பிள்ளை எங்க ரெண்டு பேருக்கும் பொறுமையாச் சொல்லுச்சு. இது பைத்தியம் இல்ல, பிடிவாதமும் இல்ல. பெரிய மாத்தம் ஒண்ணு வந்து விழுந்துடுச்சு, உடம்பு ஒருவழியா அதை ஏத்துக்கிச்சு, மனசு இன்னும் ஏத்துக்க முடியாமத் தவிக்குது, அந்தத் தவிப்பு இப்படி நோவாத் திரும்பிடுச்சுன்னு சொல்லுச்சு. வேலை போனாலும், வீடு மாறினாலும், ஊரு விட்டு ஊரு போனாலும்கூட சில பேருக்கு வருமாம். மாசக்கணக்குல குறையுமாம், ஆனா குறையற வரைக்கும் ஆளு உயிரோட பத்திரமா இருக்கணும், அதுதான் முக்கியம்னு சொல்லுச்சு. அதைக் கேட்டப்ப எனக்கு உன் நெனப்புதான் வந்துச்சு. நீ அங்க போன முதல் குளிர்காலத்துல, வெயிலே வரமாட்டேங்குதும்மா, படுக்கையில இருந்து எழுந்திரிக்கவே பிடிக்கலன்னு போன்ல அழுவியே, ஸ்வெட்டர் போட்டுக்கடின்னு சொல்லிட்டேன் நான். அப்புறம் தோட்டத்துல தெளிக்கிற மருந்து, கயிறு, அவர் போடற மாத்திரை எல்லாத்தையும் அவர் கைக்கு எட்டாம வைக்கச் சொல்லுச்சு, கொஞ்ச காலத்துக்குத் தனியா விடாதீங்கன்னுச்சு. சந்தேகம் வந்தா ஒளிஞ்சு பாக்காதீங்க ஆண்ட்டி, நேராக் கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாதுன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. மனசப் பத்திப் பேசறதுக்குன்னே ஒருத்தர் சிரம்பான்ல இருந்து வர்றார், வாராவாரம் அப்பாவ அவர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். வெளிய வரும்போது அந்தப் பிள்ளை என் கையப் பிடிச்சு, நீங்க தூங்கறீங்களா ஆண்ட்டின்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. அங்கேயே பெஞ்சுல உக்காந்து அழுதேன்.

இப்போ எப்படி ஓடுதுன்னா, நான் கேன்டீனுக்குப் போற நேரம் முனியாண்டி அண்ணன் வந்து உக்காந்துடுவார். முதல்ல அப்பா அவர்கூடப் பேசல, இவரும் பேசல, ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒருநாள் அப்பாவே, இப்ப குலை எடை போடறது யாருன்னு கேட்டாராம், அதுல இருந்து கொஞ்சம் பேச்சு. தம்பிகிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். அந்த சனிக்கிழமை வந்தான், கத்திரியும் கண்ணாடியும் எடுத்துட்டு வந்து அப்பாவுக்கு முடி வெட்டினான், நகம் வெட்டினான், அந்த ஒத்தக் கால மடியில தூக்கி வச்சு வெட்டினான். அப்பா விட்டுட்டார். இதெல்லாம் எழுதறதால சரியாயிடுச்சுன்னு நெனைச்சுக்காத. போன வாரம் கால மாட்டி நின்னு பாத்தார், ரெண்டு எட்டு வச்சு விழுந்தார், மறுபடி சோறு எறங்கல. நல்ல நாள் ஒண்ணு வந்தா அதுக்குப் பின்னாலயே கெட்ட நாளும் வருது. நானும் நானா இல்ல ஷாமினி. தண்ணி ஊத்தாம அரிசிய அடுப்புல வைக்கிறேன். குளிக்கப் போனா கதவ முழுசா சாத்தறதில்ல. சில நேரம் எனக்கு அவர்மேல அப்படி ஒரு கோபம் வருது, என்ன விட்டுட்டுப் போகப் பாத்தீங்களே, நான் யாருங்க உங்களுக்குன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வருது, முழுங்கிக்கிறேன். டாக்டர் பிள்ளை என்னையும் தனியா வரச் சொல்லியிருக்கு, போறேன்.

இனி டிக்கெட் விசயம். நீ அனுப்பினதும் அப்பாகிட்ட சொன்னேன், ம்னு கேட்டுக்கிட்டார். போன ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து அவரே சவரம் பண்ணினார், குளிச்சார், வெள்ளச் சட்டை போட்டார், என்ன உக்கார வச்சு, நீ கண்டிப்பாப் போ மயிலு, பொண்ணு முதப் பிரசவம், நான் இருந்துக்குவேன்னார். மூஞ்சி தெளிவா இருந்துச்சு. எனக்குக் கோயிலுக்கே ஓடணும் போல சந்தோசம். அப்புறம் கையில இருந்த கடிகாரத்தக் கழட்டி, இத மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுன்னார். நல்ல சட்டையெல்லாம் மடிச்சு வச்சிருந்தார், இது முனியாண்டிக்குச் சரியா இருக்கும், இது தர்மேந்திரனுக்குன்னார். இன்சூரன்ஸ் எங்க இருக்கு, தண்ணி பில்லு எங்க இருக்குன்னு நிதானமாச் சொல்லிக்கிட்டே வந்தார். டாக்டர் பிள்ளை சொன்னது நெனப்பு வந்துச்சு. திடீர்னு அமைதியாயிட்டா, வச்சிருக்கிறத எடுத்து எடுத்துக் குடுத்தா கவனமா இருங்கன்னு சொல்லியிருந்துச்சு. நான் அடுப்ப அணைச்சுட்டு வந்து அவர் எதிர்ல தரையில உக்காந்தேன். என் நாக்கால அதைக் கேக்க முடியும்னு நான் நெனச்சதே இல்ல. நான் போயிட்டா நீங்க செத்துப் போகப் போறீங்களாங்கன்னு கேட்டேன்.

வெளிய ரோகினி துணி தொவைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், தெரியல மயிலுன்னார். நீ இருக்கிற வரைக்கும் உன்னப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன், நீ இல்லன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல, பயமா இருக்குன்னார். ஷாமினி, உங்கப்பா வாயில இருந்து பயம்னு ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கியா. நான் கேட்டதில்ல. இல்லவே இல்லன்னு ஒரு பொய்ய சொல்லியிருக்கலாம், நானும் நம்பிட்டுப் பிளேன் ஏறியிருப்பேன். சொல்லல. அப்போ நான் போகலன்னு சொன்னேன். பொண்ணு என்ன நெனைக்கும்னு கேட்டு அழுதார். உள்ளது உள்ளபடி எழுதிடறேங்கன்னேன். எழுது, அதுக்கும் தெரியட்டும்னார். அவர் சம்மதத்தோடதான் இதை எழுதறேன், திருட்டுத்தனமா இல்ல. மறுநாளே டாக்டர்கிட்டயும் போய்ச் சொன்னோம், மருந்த மாத்திக் குடுத்திருக்காங்க, இப்போ வாரத்துக்கு ரெண்டு தடவ வரச் சொல்றாங்க. கடிகாரத்த அவர் கையில நானே திருப்பிக் கட்டி விட்டேன்.

உன் மாமியார்கிட்ட பேசிட்டேன். அவங்க என் இடத்துல வர்றேன்னு சொல்லிட்டாங்க, முகம் சுளிக்காம அவங்ககிட்ட எல்லாம் செஞ்சுக்க, தலைக்கு ஊத்தும்போது சூடு ஜாஸ்தின்னா வாய் விட்டுச் சொல்லு. பிள்ளைபெத்த மருந்து, பூண்டு, சுட்ட கருவாடு எல்லாம் கட்டி அவங்க பையில குடுத்து விடறேன், கருவாட்ட ஏர்போர்ட்ல எடுத்துப் போட்டாலும் போடட்டும், நான் குடுக்காம இருக்க மாட்டேன். குளிர்காலம் வருதுன்னு சொன்ன, காதுல பஞ்சு வச்சுக்க. இன்னொண்ணு, இதுதான் முக்கியம். பிள்ளை பொறந்தா எல்லாரும் சந்தோசமா இரு சந்தோசமா இருன்னு சொல்லுவாங்க. உனக்கு அப்படி இல்லன்னா, காரணமே இல்லாம அழுகை வந்தா, பிள்ளையப் பாக்கவே பிடிக்கலன்னா, வெக்கப்பட்டு உள்ள வச்சுக்காத. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அங்க இருக்கிற டாக்டர்கிட்ட சொல்லு, என்கிட்ட சொல்லு. ஸ்வெட்டர் போட்டுக்கன்னு இந்தத் தடவ சொல்ல மாட்டேன். நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வர்றேன்னு மட்டும் கிளம்பாத, இந்த வயித்தோட பிளேன் ஏறக் கூடாது. இங்க முனியாண்டி அண்ணன் இருக்கார், தம்பி இருக்கான், நான் இருக்கேன்.

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியா, கையும் காலுமா சொகமா ஒரு பிள்ளையப் பெத்து, நெறைஞ்ச வீடா இருக்கணும். அங்க வந்து உன் தலையில கை வைக்க முடியல, இங்க இருந்தே வைக்கிறேன். கடைசியா ஒண்ணு, மறந்துடாத. இதைப் படிச்சதுக்கு அப்புறம் போன் பண்ணும்போது அப்பாகிட்ட சாப்டீங்களா, மருந்து போட்டீங்களான்னு கேக்காத, அதக் கேக்க நான் இருக்கேன். இன்னைக்கு மனசு எப்படிப்பா இருக்குன்னு கேளு. உடனே பதில் வராது. லைன் போயிடுச்சுன்னு நெனச்சு வச்சிடாத, பிடிச்சுக்கிட்டே இரு. அப்பா அங்கதான் இருப்பார், வார்த்தை வரத்தான் நேரம் ஆகும்.

உன் பிள்ளை மூஞ்சிய போன்லயாவது முதல்ல பாக்கக் காத்துக்கிட்டு இருக்கிற,
உன் அம்மா,
த. மயிலம்மாள்.